பத்தாம் தரத்துப் பிள்ளை கொழும்புக் கடைக்குப் போகுமுன் வகுப்பாசிரியர் செய்ய வேண்டியவை

இலங்கை மலையகத்தில் தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் தரம் 10 எடுக்கிறேன். போன தீபாவளி லீவு முடிந்து வந்து பார்த்தால் மூன்று பிள்ளைகளின் இடம் காலி. பண்டிகைக்குப் புது உடுப்போடு ஊருக்கு வந்த அண்ணன்மாரோடு அப்படியே கடை வேலைக்குக் கொழும்புக்குப் பஸ் ஏறிவிட்டார்கள். ஒருவனைத்தான் திரும்ப வகுப்பில் உட்கார வைக்க முடிந்தது. அதற்கு என்ன செய்தேன் என்பதைப் புதிதாக நியமனம் கிடைத்து வருகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

முதல் வேலை வரவு இடாப்பு. மாத வீதத்தைப் பார்க்காதீர்கள், எந்த நாளில் வரவில்லை என்று பாருங்கள். இதற்கு எக்செல் எல்லாம் வேண்டாம், ஒரு சீ.ஆர். கொப்பி போதும், வகுப்பில் நின்றபடியே திறந்து எழுதலாம். இரண்டு கிழமைக்குள் மூன்று நாள் விடுபட்டால் அந்தக் கிழமையே வீட்டுக்குப் போங்கள்.

நான் சறுக்கியது அங்கேதான். முதல் தடவை பாடசாலை விட்ட கையோடு இரண்டு மணிக்குப் போனேன், லயத்தில் (தோட்டத்து வரிசை வீட்டில்) கதவு பூட்டிக் கிடந்தது, அம்மா மலையில் கொழுந்து பறிக்கப் போயிருந்தார். அடுத்த தடவை கொழுந்து நிறுக்கும் இடத்திலேயே பிடித்து, ஏன் அனுப்பவில்லை என்று நாலு பேருக்கு முன்னால் கேட்டுவிட்டேன். அந்த அம்மா தலையைக் குனிந்துகொண்டார், அதற்குப் பிறகு ஒரு மாதம் என் கண்ணிலேயே படவில்லை. இப்போது ஞாயிற்றுக்கிழமை அல்லது அந்தி ஐந்தரைக்குப் பிறகுதான் போவேன், தேத்தண்ணி கொடுத்தால் குடிப்பேன், வராத நாள்களைப் பற்றிப் பேச்சே எடுக்க மாட்டேன். அவர்களாகச் சொல்வார்கள்.

“படிச்சு என்ன சேர் கிடைக்கப் போகுது” என்று கேட்பார்கள். டாக்டர், எஞ்சினியர் என்று தொடங்காதீர்கள். 2016 முதல் 16 வயது வரை படிப்பு கட்டாயம், 2021 முதல் 16 வயதுக்குக் கீழே வேலைக்கு வைப்பதும் சட்டப்படி குற்றம், இதைப் பயமுறுத்தாமல் சொல்லுங்கள். அதைவிட எடுபடுவது 13 வருட உறுதிப்படுத்தப்பட்ட கல்வித் திட்டம்: தரம் 11 முடிவில் எழுதும் சாதாரண தரப் பரீட்சையில் சித்தியடையாவிட்டாலும் தொழில் பிரிவில் தரம் 12 போகலாம். எல்லாப் பாடசாலையிலும் அது கிடையாது, ஆகவே கிட்ட எங்கே இருக்கிறது என்று வலயக் கல்வி அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு போங்கள்.

சரி, பிள்ளை திரும்பி வந்துவிட்டான், அப்புறம்? நான் திருப்பிக் கொண்டுவந்தவன் ஒரு நாள் மெதுவாகச் சொன்னான், ஆறாம் வகுப்பிலிருந்தே பின்னம் விளங்கவில்லையாம், நாலு வருசம் சும்மா உட்கார்ந்திருக்கிறான். காசு இல்லாததுதான் காரணம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். இடைவேளையில் தினமும் இருபது நிமிடம், ஒரு ரொட்டியை வைத்துக்கொண்டு பின்னம் மட்டும் படித்தோம். மற்றப் பாடங்களைத் தொடவே இல்லை. தயவுசெய்து எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் சொல்லிக்கொடுக்கப் பார்க்காதீர்கள், பிள்ளை மறுபடி ஓடிவிடுவான்.

பின்னர் சேர்த்தது: இரண்டு ஆசிரியர்கள் எழுதிக் கேட்டதால் இதையும் சொல்கிறேன். பிறப்புச் சான்றிதழ் இல்லாத பிள்ளைக்குப் பரீட்சை நேரத்தில் அடையாள அட்டை எடுப்பது பெரும்பாடு, தரம் 9இலேயே கேட்டுப் பார்த்து, பதிவே இல்லையென்றால் பிரதேச செயலகத்துக்குப் பெற்றோரோடு நீங்களும் போங்கள். பெண் பிள்ளைகள் விசயம் வேறு. என் வகுப்பில் ஒருத்தி வராத நாள்களெல்லாம் தம்பிக்குக் காய்ச்சல் வந்த நாள்கள், சுகமில்லாத பிள்ளையைப் பிள்ளைக் காம்பராவில் (தோட்டத்துக் குழந்தைகள் காப்பகத்தில்) எடுக்க மாட்டார்கள், இவள்தான் வீட்டில் நின்று பார்க்க வேண்டும். பக்கத்து வீட்டு ஆச்சியிடம் நானே போய்ப் பேசினேன். இப்போது காய்ச்சல் என்றால் தம்பி ஆச்சியிடம், அவள் வகுப்பில்.