கன்று நடமுன் தண்ணீரைப் பாருங்கள்: யாழ்ப்பாணக் கடல்நீரேரிக் கரையில் கண்டலை மீட்க

யாழ்ப்பாணத்தில் ஆறென்று சொல்ல வழுக்கையாறு ஒன்றுதான். அதுவும் மாரியில் மட்டும் ஓடி அராலிப் பக்கம் கடல்நீரேரியில் விழும். காவிரிக்கு இருப்பதுபோல டெல்ரா இங்கில்லை. ஆனாலும் நன்னீரும் உவர்நீரும் கலக்கிற சேற்றுக்கரை உண்டு. இறாலும் நண்டும் வளர்கிற கண்டல் (அலையாத்தி) பற்றைகள் உண்டு. அவை பட்டுப்போன இடத்தைக் கண்டதும் கன்றோடு போய் இறங்குவதுதான் வழக்கமாக நடக்கும் பிழை. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் இலங்கையில் கண்டல் நட்ட 23 இடங்களை ஆய்வாளர்கள் பிறகு போய்ப் பார்த்தார்கள். 9 இடங்களில் ஒரு கன்றும் மிஞ்சியிருக்கவில்லை. நட்ட 1,000–1,200 ஹெக்டேயரில் தேறியது 200–220 ஹெக்டேயர்தான். பிழையான இடத்தில் நட்டதும், நட்டபின் பராமரிக்காமல் விட்டதுமே முக்கிய காரணங்கள்.

ஆகவே முதல் வேலை மட்டம் பார்ப்பது. மேசன்மார் அத்திவாரத்துக்குப் பிடிக்கும் தெளிவான ரியூப் 15 மீற்றர், சென்ரிமீற்றர் குறித்த இரண்டு தடி, இரண்டு ஆட்கள் போதும். ரியூப்பில் தண்ணீர் நிரப்பிக் காற்றுக்குமிழ் ஒன்றும் நில்லாமல் தட்டி வெளியேற்றுங்கள். குமிழ் நின்றால் கணக்குப் பிழைக்கும். ஒரு தடியைத் தானாக முளைத்து நன்றாக நிற்கும் மரத்தடியில் ஊன்றுங்கள், மற்றதை வெறுந்தரையில். மரத்தடியில் நீர் 62 செ.மீ., வெறுந்தரையில் 80 செ.மீ. என்று நின்றால், வெறுந்தரை 18 செ.மீ. பள்ளம். நம் கடல்நீரேரியில் வற்றுக்கும் பெருக்குக்கும் வித்தியாசம் சிறிதென்பதால், 10 செ.மீ. பிசகினாலும் கன்று ஒன்றில் மூழ்கி அழுகும், அல்லது உப்பில் கருகும்.

மட்டம் சரியாக இருந்தும் மரம் இல்லையென்றால் தண்ணீரின் வழி அடைபட்டிருக்கிறதா என்று பாருங்கள். தெருவின் கீழுள்ள மதகு மண்மூடியிருக்கலாம், பழைய வரம்பு மறித்திருக்கலாம். தமிழ்நாட்டுப் பிச்சாவரத்துக் கண்டல் காட்டில் நடந்தது இதற்கு நல்ல பாடம். அங்கே காட்டை மொத்தமாக வெட்டியதால் சேறு காய்ந்து அமிழ்ந்து தட்டுப்போலக் குழிந்தது. பெருக்கோடு வந்த நீர் திரும்பமுடியாமல் தேங்கி, வெயிலில் வற்றி, உப்பு ஏறிக்கொண்டே போனது. மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டி நீரை உள்ளே போய்வர விட்ட பிறகே மரங்கள் பிடித்தன. இங்கே சிறு இடங்களுக்கு மண்வெட்டியால் வெட்டும் வாய்க்கால் காணும். கரையைச் சரிவாக வெட்டுங்கள், செங்குத்தாக விட்டால் முதல் மாரியிலேயே சரியும். எடுத்த மண்ணை ஓரத்தில் குவித்தால் அதுவே புது வரம்பாகிவிடும், மெல்லியதாகப் பரவிவிடுங்கள்.

ஒன்றைத் தயவுசெய்து மறக்கவேண்டாம்: உவர்நீர்த் தடுப்பு அணைகளிலும் வயலோர வரம்புகளிலும் கைவைக்கக்கூடாது. எங்கள் நிலத்தடி சுண்ணாம்புக்கல். உவர் உள்ளே புகுந்தால் ஊர்க்கிணறு கெடும்.

வழி திறந்தபின் ஒரு மாரி பொறுத்துப் பாருங்கள். பக்கத்தில் தாய்மரம் நின்றால் விதை மிதந்து வந்து தானே முளைக்கும். வராத இடத்தில்தான் நடவேண்டும். பென்சில்போல மூச்சுவேர் நீட்டும் கண்ணா என்கிற கண்டல் இனம் உப்பை அதிகம் தாங்கும். அதன் விதையை ஓரிரவு நீரில் ஊறப்போட்டால் தோல் கழன்றுவிடும், புழு துளைத்ததைக் கழியுங்கள். தாங்குவேர் விடும் கண்டல் இனத்தில், காய்க்கும் நீண்ட தண்டுக்கும் இடையே மஞ்சள் வளையம் தெரிந்தால்தான் முற்றல். அதைக் கூர்முனை கீழாக, மூன்றிலொரு பங்கு சேற்றில் ஊன்றுங்கள். இடைவெளி ஒன்றரை மீற்றர். பெருமழை ஓய்ந்த மார்கழிக் கடைசி, தை நல்ல காலம்: உப்பு கழுவுண்டிருக்கும், கோடைக்குமுன் வேர் ஓட மாதங்கள் கிடைக்கும்.

ஆடுமாடு கண்ணா இலையை விரும்பித் தின்னும். தரைப்பக்கம் கருக்குமட்டை வேலி போடுங்கள். கடற்பக்கம் போட்டால் குப்பை தங்கும். பழைய வலை கட்டவே வேண்டாம், பறவையும் நண்டும் சிக்கிச் சாகும். காற்றோடு ஒதுங்கும் சாதாளை என்கிற கடற்புல்லும் பொலித்தீனும் கன்றை அமுக்கும், முதல் ஆண்டில் கிழமைக்கொருக்கால் எடுத்துவிட வேண்டும்.

இனி ஆட்கள். இடத்தைத் தெரிவுசெய்யமுன்னரே கடற்றொழிலாளர் சங்கத்தோடும் கிராம அலுவலரோடும் நின்று, எங்கே வலை கட்டுகிறார்கள், எந்த வழியால் வள்ளம் இறங்குகிறது, பெண்கள் எங்கே நண்டு பொறுக்குகிறார்கள் என்று தரையில் கீறிக் காட்டச் சொல்லுங்கள். அந்த வழிகளை விட்டுவிடுங்கள். சாதாளை வளரும் ஆழமற்ற நீரிலும் பூநாரை இறங்கும் திறந்த சேற்றிலும் நடாதீர்கள். அங்கே கன்றும் பிடிக்காது, இறாலும் குறையும். வனவளத் திணைக்களத்தின் எழுத்து அனுமதி எடுத்தபிறகே மண்வெட்டி தொடுங்கள். விறகுக்குப் பட்ட கொப்பு எடுக்கலாமா, மேய்ச்சலுக்கு எந்தப் பக்கம் திறப்பது என்பதையும் அன்றே எழுதிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் வேலி இரவில் பிடுங்கப்படும்.

கூலியை நட்ட எண்ணிக்கைக்குக் கொடுத்தால் கன்றை நெருக்கி நடுவார்கள். பாதியை நடும்போதும் மீதியை ஓராண்டில் உயிரோடு நிற்பதற்கும் கொடுப்பதே சரி. எண்ணுவதற்கு 10 மீற்றர் சதுரமாக நாலைந்து கட்டம் தடி ஊன்றிக் குறியுங்கள். 1, 3, 6, 12ஆம் மாதங்களில் அதே கட்டங்களை, அதே ஆட்களை வைத்தே எண்ணுங்கள். பட்டுப்போனதை மறுபடி நடமுன் ரியூப்பை எடுத்து அந்தக் கட்டத்தின் மட்டத்தை இன்னொருக்கால் பாருங்கள்.