நியூயார்க்கிலிருந்து கலிபோர்னியாவுக்கு ரயிலில்: நடுவே சிகாகோவில் ஓர் இரவு

அமெரிக்காவின் கிழக்குக் கரையில் ஏறி மேற்குக் கரையில் இறங்க ஒரே ரயில் கிடையாது. நியூயார்க்கில் கிளம்பும் லேக் ஷோர் லிமிடெட் சிகாகோவோடு நின்றுவிடும். அங்கிருந்து கலிபோர்னியா ஜெஃபிர் பிடிக்க வேண்டும். முதல் ரயிலுக்கு 959 மைல், ஏறக்குறைய 20 மணி நேரம். இரண்டாவதற்கு 2,438 மைல், 52 மணி நேரம் வாக்கில். சிகாகோவில் அன்றே வண்டி மாறுவதா, ஓர் இரவு தங்குவதா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். மற்ற எல்லாம் அதைப் பொறுத்துத்தான் அமையும்.

அட்டவணையைப் பார்த்தால் அன்றே மாறிவிடலாம் போலிருக்கும். லேக் ஷோர் காலை 10 மணியை ஒட்டி வந்து சேரும், ஜெஃபிர் பிற்பகல் 2 மணி வாக்கில் கிளம்பும். ஆனால் இந்த ரயில்களை நடத்தும் ஆம்ட்ராக் நிறுவனத்தின் வண்டிகள் ஓடும் தண்டவாளங்களில் பெரும்பகுதி சரக்கு ரயில் கம்பெனிகளுக்குச் சொந்தம். பயணிகள் ரயிலுக்கு முன்னுரிமை தர வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. ஆனாலும் ஒற்றைத் தடத்தில் எதிரே வரும் சரக்கு வண்டி பக்கத் தடத்துக்குள் அடங்காத நீளமாக இருந்தால், ஒதுங்கி நிற்பது நம் வண்டிதான். இரண்டு மணி நேரத் தாமதமெல்லாம் இந்த ரயில்களில் செய்தியே இல்லை. நான்கு மணி நேரமானால் ஜெஃபிர் போய்விட்டிருக்கும், அடுத்தது மறுநாள்தான்.

இரண்டு ரயிலும் ஒரே முன்பதிவில், முறையான இணைப்பாக இருந்தால், தவறவிட்டவரை அடுத்த வண்டியில் ஏற்றிவிடுவது ஆம்ட்ராக்கின் பொறுப்பு. ஆனால் கோடைக்காலத்தில் மறுநாள் வண்டியில் படுக்கை அறை காலியாக இருக்க வேண்டுமே! தனித்தனியாக டிக்கெட் எடுத்தவருக்கு அந்தப் பொறுப்பும் கிடையாது. அதனால் அன்றே மாறுவதென்றால் ஒரே முன்பதிவாக எடுங்கள். தங்குவதென்றால் ஆம்ட்ராக் தளத்தில் 'மல்டி சிட்டி' என்பதைத் தேர்ந்து, இரண்டு தேதிகளையும் கொடுத்து எடுங்கள். தங்குவதே எங்கள் சிபாரிசு. சிகாகோவைப் பார்ப்பது கூடுதல் லாபம். தாமதத்தை விழுங்கிக்கொள்ள ஓர் இரவு கையிருப்பில் இருப்பதுதான் முதல் காரணம்.

ஹோட்டல் தேதியில் பலர் தடுக்கி விழுகிறார்கள். வெள்ளிக்கிழமை பிற்பகல் நியூயார்க்கில் ஏறினால் சிகாகோ சேர்வது சனிக்கிழமை. ஹோட்டல் சனி இரவுக்கு. ஞாயிறு பிற்பகல் ஜெஃபிர். கடைசி நிலையமான எமரிவில்லில் இறங்குவது செவ்வாய் மாலை. அட்டவணையில் இருப்பதெல்லாம் அந்தந்த ஊர் நேரம். வழியில் மூன்று முறை கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ள வேண்டியிருக்கும். செவ்வாய் இரவு விமானத்தையோ, புதன் காலை மீட்டிங்கையோ இதோடு கோர்த்துவிடாதீர்கள்.

எப்போது, எந்த வகுப்பு

முன்பதிவு 11 மாதங்களுக்கு முன்பே திறந்துவிடும். படுக்கை அறைகள் குறையக் குறைய விலை ஏறும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை போவதென்றால், தேதி முடிவான அன்றே எடுப்பது நல்லது. பணம் கட்டும் முன் ரத்து விதிகளைப் படித்துவிடுங்கள். படுக்கை அறைகளுக்கு, பயண நாள் நெருங்க நெருங்கத் திரும்பக் கிடைக்கும் தொகை சுருங்கும்.

கையில் அளவான பணம்தான் என்றால், லேக் ஷோரில் கோச் (உட்கார்ந்து போகும் சாதாரண வகுப்பு) இருக்கை, ஜெஃபிரில் ரூமெட் (இருவர் படுக்கும் சின்ன அறை) என்று பிரித்துக்கொள்ளுங்கள். கோச் இருக்கை விமானத்துடையதைவிட நிறையவே அகலம், நன்றாகச் சாயும், கால் நீட்டப் பலகையும் உண்டு. ஓர் இரவைத் தள்ளிவிடலாம், மறுநாள் ஹோட்டல் கட்டில் காத்திருக்கிறது. தொடர்ந்து இரண்டு இரவு உட்கார்ந்தே தூங்குவது வேறு கதை. கோச் பயணிகளுக்குக் குளிக்க வசதியும் கிடையாது.

அறையின் விலை அறைக்குத்தான். அதே அறையில் இரண்டாவதாக வருபவருக்கு ரயில் கட்டணம் மட்டுமே சேரும், சாப்பாடு இருவருக்கும் அதில் அடக்கம். இருவராகப் போகும்போதுதான் ரூமெட் கட்டுப்படியாகும். 499 டாலர் யு.எஸ்.ஏ. ரயில் பாஸும் இருக்கிறது, 30 நாளில் 10 பயணத் துண்டுகள். ஒவ்வொரு முறை ஏறுவதும் ஒரு துண்டு என்பதால் இந்தப் பயணத்துக்கு இரண்டு செலவாகும். பாஸ் கோச்சுக்கு மட்டும்தான், அதிலும் ஒவ்வொரு ரயிலுக்கும் தனியாக இடம் பதிய வேண்டும். நாலைந்து ஊர் சுற்றுபவருக்கு லாபம், நேராகப் போய்ச் சேர்பவருக்கு அவ்வளவாக இல்லை.

அந்த ரூமெட் எவ்வளவு பெரிசு?

பெரிசே இல்லை. ஜெஃபிரில் மூன்றரை அடிக்கு ஆறரை அடி. எதிரெதிராக இரண்டு இருக்கைகள், நடுவில் மடக்கு மேசை. இரவில் இரண்டு இருக்கையையும் இழுத்துச் சேர்த்தால் கீழ்க் கட்டில். மேல் கட்டில் கூரையிலிருந்து இறங்கும். இரண்டும் விரிந்த பிறகு நிற்பதற்குக் கதவோரத்தில் ஒரு துண்டுத் தரைதான் மிச்சம். ஒருவர் சட்டை மாற்ற மற்றவர் நடைபாதைக்குப் போக வேண்டியிருக்கும். மேலே படுப்பவர் உட்கார்ந்தால் தலை இடிக்கும். விழாமலிருக்கப் பட்டைகள் உண்டு, அவற்றை மாட்டிக்கொண்டுதான் தூங்க வேண்டும்.

ஜெஃபிரில் ஓடுவது சூப்பர்லைனர் எனும் மாடிப் பெட்டி. பெட்டிக்குப் பெட்டி நடந்து போகும் வழி மேல்தளத்தில் இருக்கிறது. காட்சியும் மேலிருந்துதான் நன்றாகத் தெரியும். கீழ்த்தளத்தில் ஆள் நடமாட்டம் குறைவு, ஆட்டமும் குறைவு, கழிவறையும் ஷவரும் பக்கத்திலேயே. ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா அப்பாவை அழைத்துப் போகிறவர்கள் கீழ்த்தள அறையாகக் கேட்டு வாங்குங்கள். மாடிப்படி குறுகலானது, வளைந்து ஏறும், வண்டி ஓடும்போது முழங்கால் வலிக்காரர்களுக்குச் சிரமம். அறை உதவியாளரிடம் சொன்னால் சாப்பாட்டை அறைக்கே கொண்டுவந்து தருவார். உள்ளேயே கழிவறையும் ஷவரும் வேண்டுமென்றால் பெட்ரூம் வகை அறை: ஆறரை அடிக்கு ஏழரை அடி, விலையும் அதற்கேற்ப.

மூட்டை முடிச்சு

கையோடு கொண்டுபோகும் பைகள் ஆளுக்கு இரண்டு, ஒவ்வொன்றும் 50 பவுண்டு, 28 x 22 x 14 அங்குலத்துக்குள். அதோடு சின்னதாக ஒரு தோள்பை. பெரிய பெட்டி எதுவும் ரூமெட்டுக்குள் நுழையாது. சூப்பர்லைனரில் கீழ்த்தள வாசலருகே உள்ள அலமாரியில் வைத்துவிட்டு, இரண்டு நாளுக்கு வேண்டியதைச் சின்னப் பையில் பிரித்துக்கொள்ளுங்கள். லக்கேஜாகப் போட ஆளுக்கு இரண்டு பெட்டி இலவசம், அதற்கு வண்டி கிளம்ப 45 நிமிடம் முன்பே நிலையத்தில் கொடுத்துவிட வேண்டும். சிகாகோவில் தங்குபவர்கள் லக்கேஜையும் சிகாகோவுக்கே போட்டு, அங்கே எடுத்து, மறுநாள் மறுபடி போட வேண்டும். அந்த அலைச்சலுக்குக் கையிலேயே வைத்துக்கொள்வது மேல்.

அறையில் ஒரே ஒரு மின்செருகிதான். பல முனை கொண்ட சின்ன நீட்டிப்பு வயர் ஒன்று போதும், சண்டை வராது. கோச்சில் போகிறவருக்குப் போர்வை கட்டாயம்: கோடையிலும் இரவில் ஏசி நடுங்க வைக்கும். மலைப்பகுதியில் மணிக்கணக்காக சிக்னல் இருக்காது, வைஃபையை நம்ப வேண்டாம். வரைபடம், படம், பாட்டு எல்லாவற்றையும் கிளம்பும் முன்பே இறக்கிக்கொள்ளுங்கள்.

சைவர்களுக்கு உணவுப் பெட்டியில் ஒவ்வொரு வேளையும் ஏதோ ஒன்று இருக்கும். இரண்டாம் நாளே அலுத்துவிடும். சொந்தச் சாப்பாட்டை இருக்கையிலோ அறையிலோ சாப்பிடத் தடையில்லை; ஆனால் ஊழியர்கள் அதைச் சூடாக்கித் தரவோ குளிர்பெட்டியில் வைக்கவோ மாட்டார்கள். புளியோதரை முதல் நாளுக்கு. அதற்குப் பிறகு தேப்லா (குஜராத்தி மசாலா ரொட்டி), பொடி, கொட்டை வகை என்று கெடாதவை.

அமெரிக்கக் குடியுரிமை இல்லாதவர்கள் பாஸ்போர்ட், விசா, ஐ-94 (நாட்டுக்குள் நுழைந்ததற்கான பதிவு) அல்லது கிரீன் கார்டைக் கைப்பையிலேயே வைத்திருங்கள். லேக் ஷோர் கனடா எல்லையை ஒட்டிப் போகிற ரயில், எல்லைக் காவல் அதிகாரிகள் ஏறிக் கேட்பதுண்டு. அலமாரியில் வைத்த பெட்டியை நடுராத்திரியில் தேடிக்கொண்டிருக்க முடியாது.

நியூயார்க்கிலிருந்து கிளம்பும்போது

நியூஜெர்சிக்காரர்கள் கவனிக்க: லேக் ஷோர் நெவார்க் வழியாகப் போகாது. நியூயார்க் பென் ஸ்டேஷனுக்குத்தான் வர வேண்டும். காத்திருக்க அதைச் சேர்ந்த மொய்னிஹன் ஹால் வசதியானது. மேற்கே போகையில் இடப்பக்க ஜன்னல் கிடைத்தால் ஆல்பனி வரை ஹட்சன் நதி கூடவே வரும். டிசம்பரில் அதில் பாதி இருட்டிவிடும்.

சிகாகோவில் அந்த ஒன்றரை நாள்

வந்து சேரும் நேரம் நம் கையில் இல்லை. கிளம்பும் நேரம் ஓரளவு நம் கையில், ஏனென்றால் ஜெஃபிர் புறப்படும் இடமே சிகாகோதான். எனவே நேரம் குறித்த டிக்கெட் எதையும் வரும் நாளில் வாங்காதீர்கள். மறுநாள் காலைக்கு வாங்குங்கள். வரும் நாளுக்கு, எப்போது போனாலும் பார்க்கக் கூடியதை வையுங்கள்.

ஹோட்டல், ரயில் வந்து நிற்கும் யூனியன் ஸ்டேஷனிலிருந்து நடக்கும் தூரத்தில், நகர மையமான லூப் பகுதியில் இருக்கட்டும். வாடகையோடு 17 சதவீதத்துக்கு மேல் வரி சேரும் என்பதையும் கணக்கில் வையுங்கள். அறை தயாராகாவிட்டாலும் பெட்டியை வாங்கி வைத்துக்கொள்வார்கள். நிலையத்தின் கிழக்கே ஆடம்ஸ் தெருப் பாலத்தைத் தாண்டினால் வில்லிஸ் டவர், 110 மாடி, 442 மீட்டர். பார்வை மாடம் 103ஆம் தளத்தில். மேகம் தாழ்ந்திருந்தால் மேலே போய் வெள்ளைச் சுவரைத்தான் பார்க்க வேண்டும், கீழிருந்தே உச்சி தெரியாவிட்டால் பணத்தை மிச்சம் பிடியுங்கள். அதே ஆடம்ஸ் தெருவில் நேராக அரை மைலுக்குச் சற்று மேல் நடந்தால் ஆர்ட் இன்ஸ்டிட்யூட். அதற்கு எல்லா நாளும் திறப்பு கிடையாது. தேதியைப் பூட்டும் முன் அவர்கள் தளத்தில் வார விடுமுறையைப் பாருங்கள். பக்கத்திலேயே மில்லேனியம் பூங்கா, அனிஷ் கபூர் வடித்த கண்ணாடிபோல் பளபளக்கும் 'கிளவுட் கேட்', இலவசம்.

நம்மூர்ச் சாப்பாடு தேடுபவர்கள் டெவன் அவென்யூ போக நினைப்பார்கள். நகர ரயிலான ரெட் லைனில் லயோலா வரை போய் 155ஆம் எண் பஸ் பிடிக்க வேண்டும். போக மட்டுமே ஒரு மணி நேரம் ஆகும். வரும் நாள் மாலைக்குச் சரி, கிளம்பும் நாள் மதியத்துக்கு வேண்டவே வேண்டாம்.

மறுநாள் காலைக்குச் சிறந்தது நதிப் படகு. கட்டடங்களைப் பற்றி விளக்கிக்கொண்டே போவார்கள், சுமார் 90 நிமிடம். குளிர்காலத்தில் இது ஓடாது. முடித்து, ஹோட்டலில் பெட்டியை எடுத்துக்கொண்டு ஒரு மணிக்கு நிலையத்தில் இருந்தால் நிதானமாக ஏறலாம். படுக்கை அறை டிக்கெட் வைத்திருப்பவர்களுக்கு நிலையத்தில் உள்ள ஆம்ட்ராக்கின் காத்திருப்புக் கூடமான மெட்ரோபாலிடன் லவுஞ்ச் திறந்திருக்கும். கிளம்பும் நாளில் பையை அங்கேயே வைத்துவிட்டும் சுற்றப் போகலாம்.

ஜெஃபிரில்

முதல் மாலை அயோவா சமவெளி, பார்க்க அதிகமில்லை. சீக்கிரம் தூங்கிவிடுங்கள். மறுநாள் காலை 7 மணி வாக்கில் டென்வர். அங்கே வண்டி நன்றாக நிற்கும், கால் நீட்டிவிட்டு வரலாம். ஆனால் புறப்படுவதற்கு முன்பே கண்ணாடிக் கூரை போட்ட சைட்சீயர் பெட்டியில் இடம் பிடித்துவிடுங்கள். டென்வரை விட்டதும் வண்டி வளைந்து வளைந்து ராக்கி மலையில் ஏறும்போது அங்கே நிற்கக்கூட இடம் இருக்காது. பிறகு மொஃபாட் சுரங்கம், 6.2 மைல். அதைக் கடக்கும் சுமார் பத்து நிமிடமும் பெட்டிக்குப் பெட்டி போக வேண்டாம் என்று அறிவிப்பார்கள்: கதவைத் திறந்தால் என்ஜின் புகை உள்ளே வந்துவிடும். மாலை வரை கொலராடோ நதியோரப் பயணம். காலைச் சிற்றுண்டியை டென்வருக்கு முன்பே முடித்துவிட்டால் இதில் எதையும் இழக்க வேண்டாம். மூன்றாம் நாள் ரீனோவைத் தாண்டியதும் சியாரா நெவாடா, இது இரண்டாவது விருந்து.

வழியில் நிற்கும் இடங்களில் இறங்கினால் ரயிலைக் கண்பார்வையிலேயே வைத்திருங்கள். வண்டி தாமதமாக ஓடினால் 20 நிமிட நிறுத்தம் ஐந்தாகச் சுருங்கும், ஆளைத் தேடிக்கொண்டு நிற்கமாட்டார்கள்.

சான் பிரான்சிஸ்கோவுக்குள் இந்த ரயில் போவதில்லை. எமரிவில்லிலிருந்து ஆம்ட்ராக் பஸ் கொண்டுபோய் விடும், அதையும் சேர்த்தே டிக்கெட் எடுக்கலாம். ஃப்ரீமாண்ட், மில்பிட்டாஸ் பக்கம் போகிறவர்கள் எமரிவில் வரை போகவே வேண்டாம். அதற்கு முந்தைய நிலையமான ரிச்மண்டில் இறங்கினால் அந்த வட்டாரத்து மெட்ரோவான பார்ட் ரயில் நிலையம் அங்கேயே இருக்கிறது, ஆரஞ்சு லைன் நேராகக் கொண்டுபோய்ச் சேர்க்கும். டிக்கெட்டை ரிச்மண்ட் வரை என்றே எடுத்துவிடுங்கள், பெட்டியையும் கையிலேயே வைத்திருங்கள்.