புற்றுநோயாளியின் வலி: நர்ஸ்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"இனி செய்ய ஒன்றுமில்லை, பாலியேட்டிவ் கேருக்கு அனுப்பிவிடலாம்." வார்டில் நாம் பேசும் இந்த ஒரு வாக்கியத்திலிருந்துதான் பல தவறுகள் தொடங்குகின்றன. வலியையும் மற்ற தொந்தரவுகளையும் தணிக்கும் பாலியேட்டிவ் கேர் கடைசி வாரத்துக்கு மட்டுமானது அல்ல. கீமோ நடக்கும்போதே கூடவே தரலாம். 2010-ல் வெளியான ஓர் ஆய்வில், முற்றிய நுரையீரல் புற்றுநோய் உள்ளவர்களுக்குத் தொடக்கத்திலேயே இதையும் சேர்த்துக் கொடுத்தார்கள். அவர்களுக்கு மனச்சோர்வு குறைந்தது; மற்றவர்களைவிடக் கூடுதல் நாள் வாழவும் செய்தார்கள்.

அடுத்தது, கடும் வலிக்குத் தரும் மார்ஃபின் மருந்தைப் பற்றிய பயம். எனக்குத் தெரிந்து நோயாளியை அதிகம் வதைப்பது இதுதான். "பழகிவிடும், அடிமையாகிவிடுவார்" என்று டோஸைத் தள்ளிப்போடுகிறோம். உடல் மருந்துக்குப் பழகுவது வேறு, போதைக்கு அடிமையாவது வேறு. பழகிய உடலுக்குத் திடீரென நிறுத்தினால் தொந்தரவு வரும். அதனால் படிப்படியாகக் குறைக்க வேண்டும், அவ்வளவுதான். மூச்சு நின்றுவிடுமோ என்ற பயமும் உண்டு. வலிக்கு ஏற்ற அளவில் தொடங்கி மெதுவாகக் கூட்டினால் அது அரிது. பெரும்பாலும் மூச்சு குறைவதற்கு முன்பே அளவுமீறிய தூக்கக்கலக்கம் வந்துவிடும். அதைக் கவனிக்கத்தானே நாம் பக்கத்தில் இருக்கிறோம்?

"வலிச்சா கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போவதும் தவறு. நாள் முழுக்க இருக்கும் வலிக்குக் கேட்டால்தான் மருந்து என்பது போதாது. சாதாரண மார்ஃபின் மாத்திரையை (மெதுவாக மருந்தை வெளிவிடும் வகையை அல்ல) 4 மணி நேரத்துக்கு ஒருமுறை, நேரம் பார்த்துக் கொடுக்க வேண்டும். இடையில் வலி முட்டினால் கூடுதல் டோஸுக்கும் டாக்டரிடம் முன்பே எழுதி வாங்கி வையுங்கள். அப்புறம் மலச்சிக்கல். மார்ஃபினின் மற்ற தொந்தரவுகள் சில நாளில் தணியலாம், இது தணியாது. மலமிளக்கியையும் பொதுவாக முதல் நாளிலிருந்தே தர வேண்டும்.

"சிரித்துப் பேசுகிறார், இவருக்கா பத்துக்கு எட்டு வலி?" என்று சந்தேகப்படாதீர்கள். நாள்பட்ட வலியில் நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம் எல்லாம் இயல்பாகவே இருக்கலாம். அவர் எட்டு என்றால் எட்டுதான் எழுத வேண்டும்.

இறுதி நாட்களில் தொண்டையில் கரகரவென்று சத்தம் வந்தால் உடனே சக்‌ஷன் குழாயைத் தேடுகிறோம். ஆழமாக உறிஞ்சுவது வேதனையைத்தான் கூட்டும். ஒருக்களித்துப் படுக்க வைப்பதே பல நேரம் உதவும். அதே போல, வலுக்கட்டாயமாக உணவு ஊட்ட வேண்டாம். வாயையும் உதட்டையும் ஈரமாக வைத்திருங்கள்.

"சிஸ்டர், நான் பிழைப்பேனா?" என்று கேட்டால் "எல்லாம் சரியாகிடும்" என்று நகர்ந்துவிடுகிறோம். நானும் பல வருடம் அப்படித்தான் நகர்ந்தேன். இப்போது நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, "ஏன் அப்படித் தோணுது உங்களுக்கு?" என்று கேட்கிறேன். பெரும்பாலும் அவர்களே பேசத் தொடங்கிவிடுகிறார்கள்.