பழைய செடானும் போர்த் தண்ணீரும்: ராமநாதபுரம் பக்கம் கார் வாங்குகிறவர்கள் செய்யும் தவறுகள்

ராமநாதபுரத்தில் எங்கள் பட்டறைக்குப் பழைய கார் வாங்கப் போகிறவர்கள் போனும் கையுமாக வருவார்கள். போனில் நான்கைந்து வண்டிகளின் படம் இருக்கும். கேள்வி மட்டும் மாறவே மாறாது. "அண்ணே, சிட்டி பெட்ரோல் எடுக்கவா, சியாஸ் டீசல் எடுக்கவா? வெர்னா இன்ஜின் எப்படி?" பதில் சொல்லி அனுப்பினால், கொஞ்ச நாளில் அதே ஆளின் வண்டியைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வருவார்கள். பத்துப் பதினைந்து வருடம் முன்னால் எங்கள் செட்டே எந்தக் குழியில் விழுந்ததோ, அதே குழி.

டயரைப் பார், ஆர்சி புத்தகத்தைப் பார், இன்சூரன்ஸ் தேதியைப் பார் என்றெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. அதைச் சொல்ல எல்லார் வீட்டிலும் ஒரு மாமா இருக்கிறார்.

டீசல் என்றதும் மைலேஜை மட்டும் பார்ப்பது

2014-இல் வந்த ஹோண்டா சிட்டியில் 1.5 பெட்ரோல் 119 பிஎஸ் (குதிரைத்திறன்), 1.5 டீசல் 100 பிஎஸ். அதே வருடம் வந்த மாருதி சியாஸில் 1.4 பெட்ரோல் 92 பிஎஸ், 1.3 டீசல் 90 பிஎஸ். ஹூண்டாய் வெர்னாவின் 1.6 டீசல் 128 பிஎஸ். அதை ஒருமுறை ஓட்டிப் பார்த்தவனுக்கு மற்றதெல்லாம் பிடிக்காது, இழுவை அப்படி. ஆனால் ஆளை விழ வைப்பது இழுவை அல்ல, சியாஸ் டீசலுக்குக் காகிதத்தில் போட்டிருக்கும் லிட்டருக்கு 26 கிலோமீட்டர் என்ற எண்.

ஏசி போட்டு நம் ரோட்டில் ஓட்டினால் டீசல் 19, 20 கொடுக்கும். பெட்ரோல் 13, 14. பெட்ரோல் நூறு ரூபாய், டீசல் 92 என்று வைத்துக்கொண்டால் கிலோமீட்டருக்கு இரண்டரை ரூபாய் வாக்கில் மிச்சம். மாதம் 600 கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு வருடத்துக்கு 18,000 ரூபாய். டீசலைத் தெளிக்கும் ஒரு இன்ஜெக்டர் கெட்டால் அந்த வருடத்து மிச்சம் போச்சு. டர்போ போனால் அதற்கு முந்தைய வருடத்ததும் சேர்ந்து போகும். வாரம் இரண்டு தடவை மதுரை விமான நிலையத்துக்குப் போய் வருகிறவர் டீசல் எடுக்கட்டும், நியாயம். பரமக்குடியில் வேலை, ஞாயிற்றுக்கிழமை மட்டும் வண்டி வெளியே வரும் என்கிறவருக்குப் பெட்ரோல் போதும்.

2020 ஏப்ரலுக்குப் பிறகு பிஎஸ் 6 என்ற புகை விதிப்படி வந்த டீசல் என்றால் இன்னும் யோசிக்க வேண்டும். மாருதி அப்போதே டீசலை நிறுத்திவிட்டது. சிட்டியிலும் வெர்னாவிலும் அதன் பிறகும் வந்தது. புகையில் வரும் கரியைப் பிடித்து வைக்கும் டிபிஎஃப் ஃபில்டர் இவற்றில் உண்டு. பிடித்த கரியை எரித்துத் தள்ள, சைலன்சர் நன்றாகச் சூடேறும்படி வண்டி கொஞ்ச நேரம் தொடர்ந்து வேகமாக ஓட வேண்டும். கீழக்கரைக்குள்ளேயே பள்ளிக்கூடம், கடைத்தெரு என்று சுற்றும் வண்டிக்கு அந்த வாய்ப்பே கிடைக்காது. ஃபில்டர் அடைத்துக்கொள்ளும்.

இன்ஜின் பேரைக் கேட்டு மயங்குவது, ரேடியேட்டர் மூடியைத் திறக்காமல் விடுவது

இதைப் பேசினாலே எனக்குக் கோபம் வரும். இத்தனை வருடம் சொல்லியும் தீரவில்லை.

ஹோண்டாவின் ஐ-விடெக் சாகாது, ஃபியட்டின் மல்டிஜெட் சாகாது என்று மணிக்கணக்கில் பேசுவார்கள். உண்மைதான், இரண்டும் நல்ல இன்ஜின்கள். ஃபியட்டின் அந்த 1.3 டீசலை மாருதியும் டாடாவும்கூட வாங்கிப் போட்டார்கள் என்றால் சும்மா இல்லை. ஆனால் அந்தப் பெயரெல்லாம் ரேடியேட்டரில் கூலண்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) ஊற்றி ஓட்டிய வண்டி சம்பாதித்த பெயர். நம் பக்கத்து வண்டிக்குள் என்ன ஊற்றினார்கள் என்பதை யாரும் கேட்பதில்லை.

இங்கே நிலத்தடி நீர் பெரும்பாலும் உவர். காவிரித் தண்ணீர் குழாயில் வரும் நாளை எதிர்பார்த்துக்கொண்டு, வராத நாளில் குடம் குடமாகக் காசு கொடுத்து வாங்கும் ஊர். குடிக்கிற தண்ணீரை யாராவது ரேடியேட்டருக்கு ஊற்றுவார்களா? வீட்டு போர்வெல்லில் இருந்து ஒரு பாட்டில் பிடித்து ஊற்றிவிடுவார்கள். பிரச்சினை அந்த ஒரு பாட்டிலோடு முடிவதில்லை. சூட்டில் ஆவியாகி வெளியே போவது தண்ணீர் மட்டும்தான்; உப்பு உள்ளேயே தங்கும். குறைந்ததற்கு மறுபடி போர்த் தண்ணீர், மறுபடி உப்பு. வாலிநோக்கம் உப்பளத்தில் நடக்கிற அதே வேலை பானட்டுக்குள் நடந்துகொண்டிருக்கும்.

இந்தக் கார்களில் இன்ஜினின் மேல்பாகமான சிலிண்டர் ஹெட் அலுமினியம். சிட்டி பெட்ரோலில் அதன் அடியில் இருக்கும் பிளாக்கும் அலுமினியம். உப்பில் உள்ள குளோரைடு அலுமினியத்தைக் குழி குழியாக அரிக்கும். கடினத் தண்ணீரின் சுண்ணாம்பு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் படிந்து அடைக்கும். கூலண்டில் இருக்கும் கிளைகால் கொதிநிலையை ஏற்றும், அதில் சேர்த்திருக்கும் மருந்து துருவைத் தடுக்கும். போர்த் தண்ணீரில் இரண்டும் கிடையாது. ரேடியேட்டர் மூடி ஒரு பார் அளவுக்கு அழுத்தத்தைப் பிடித்து வைத்தால் வெறும் தண்ணீர்கூட 120 டிகிரி வாக்கில்தான் கொதிக்கும். மூடியின் வாயில் உப்பு படிந்து சரியாக உட்காராமல் போனால் அந்தக் காப்பும் போச்சு.

உச்சிப்புளிப் பையன் ஒருவன் 1.3 டீசல் செடான் ஒன்றை வாங்கினான். பெயிண்ட் பளபளவென்று இருந்தது, சீட் கவர் புதுசு. வாங்குவதற்கு முன் என்னிடம் கேட்டது இன்ஜின் பெயரை மட்டும்தான். கோடையில் குடும்பத்தோடு ராமேஸ்வரம் கிளம்பினான். பாம்பன் பாலத்தில் வழக்கம்போல ரயில் பாலத்தை வேடிக்கை பார்க்கக் கார்களை ஓரங்கட்டி வைத்திருந்தார்கள், போக்குவரத்து ஊர்ந்தது. ஏசி ஓடிக்கொண்டிருந்தது. நடுப்பாலத்தில் வெப்பம் காட்டும் முள் மேலே ஏறியதைப் பார்த்திருக்கிறான். நிறுத்தவில்லை. "கோயில் வரைக்கும்தானே அண்ணே, போயிரலாம்னு நினைச்சேன்."

ஹெட்டைக் கழற்றினோம். தண்ணீர் ஓடும் வழியெல்லாம் காவிச் சேறு. வாட்டர் பம்ப்பின் இறக்கைகள் பாதி தேய்ந்து கத்தி முனையாக நின்றன. ஹெட் வளைந்திருந்தது, லேத்தில் வைத்துப் பார்த்தவர், இழைத்தாலும் நிற்காது, வேறு ஹெட் பாருங்கள் என்றுவிட்டார். ஹெட், அதன் அடியில் வரும் கேஸ்கெட், பம்ப், ரேடியேட்டர், கூலி என்று பில் அறுபதாயிரத்தைத் தாண்டியது. வண்டியை விற்றவரிடம் போன் போட்டுக் கேட்டோம். அவர் சொன்ன பதில் இன்னும் காதில் இருக்கிறது: "கூலண்ட்டெல்லாம் எதுக்குண்ணே, நல்ல போர்த் தண்ணிதான் ஊத்துனோம்." ஏமாற்றவில்லை, பெருமையாகத்தான் சொன்னார்!

அதனால் வண்டியைப் பார்க்கப் போனால், இன்ஜின் நன்றாகக் குளிர்ந்திருக்கும்போது மட்டும், ரேடியேட்டர் மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். ரேடியேட்டரில் மூடி இல்லாத மாடல் என்றால் கூலண்ட் டேங்க் மூடி. பச்சை, சிவப்பு, நீலம் என்று ஏதோ ஒரு தெளிந்த நிறம் இருக்க வேண்டும். கழுத்து விளிம்பில் விரலைத் தேய்த்துப் பாருங்கள். வெள்ளைப் பொருக்கு நறநறவென்று வந்தால் சுண்ணாம்பும் அலுமினியமும். காவியாக வந்தால் இரும்புத் துரு. கழுத்தில் பொருக்கு இருந்து, உள்ளே மட்டும் புத்தம்புதுப் பச்சைக் கூலண்ட் மின்னினால் உங்களுக்காக அன்று காலையில் ஊற்றியது என்று அர்த்தம்.

பிறகு ஸ்டார்ட் செய்து டேங்கைக் கவனியுங்கள். ஆக்ஸிலேட்டர் கொடுக்கக் கொடுக்கக் குமிழி விடாமல் வந்தால் கேஸ்கெட் போய், எரியும் வாயு தண்ணீருக்குள் வருகிறது. சந்தேகம் இருந்தால் அந்த வாயு வருகிறதா என்று நீல திரவம் வைத்துப் பார்க்கும் பிளாக் டெஸ்டைப் பட்டறையில் செய்யச் சொல்லலாம். நீல திரவம் மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறினால் பேச்சே வேண்டாம், கிளம்பிவிடுங்கள்.

இன்னும் இரண்டு கைவேலைகள் உண்டு, இதைச் செய்கிறவர்கள் எங்கள் தொழில்காரர்களே. வண்டி சூடாகிறது என்று வந்தால் காரணத்தைத் தேடாமல், ரேடியேட்டருக்குப் போகும் தண்ணீரைத் திறந்து அடைக்கும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போட்டுவிடுவார்கள். அல்லது சாவி போட்டதும் ரேடியேட்டர் ஃபேன் சுற்றும்படி டைரக்ட் ஒயர் கொடுத்துவிடுவார்கள். ஏசியை அணைத்துவிட்டுக் குளிர்ந்த வண்டியின் சாவியைத் திருப்பியதும் ஃபேன் ஓடினால், அந்த வண்டிக்கு ஏற்கெனவே ஒரு கதை இருக்கிறது. 2014 சிட்டியில் வெப்பம் காட்டும் முள்ளே கிடையாது, நீல விளக்கும் சிவப்பு விளக்கும்தான். அதில் வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனர் மாட்டி, ஏசி போட்டு அரை மணி நேரம் ஓட்டி, டிகிரியைக் கண்ணால் பாருங்கள். ஸ்கேனர் இல்லாத மெக்கானிக்கை அழைத்துக்கொண்டு போவதில் பிரயோஜனம் இல்லை.

ஃப்ளஷ் செய்து கூலண்ட் ஊற்றினால் சரியாகிவிடாதா என்று கேட்பார்கள். பொருக்கு குறையும். அரித்த அலுமினியம் திரும்பி வராது. மூடியில் காவியும் பொருக்கும் கண்டால், எவ்வளவு விலை குறைத்தாலும் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

ஓடாத வண்டியை நல்ல வண்டி என்று நினைப்பது

"துபாய்ல இருக்கிற காக்கா (அண்ணன்) வண்டி, எட்டு வருஷத்துல 28,000தான் ஓடிருக்கு." கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் இப்படி வண்டி நிறைய வரும். மீட்டரில் பொய் இருக்காது. ஆனால் கடற்காற்றில் எட்டு வருடம் நின்ற வண்டி அது. லிஃப்டில் ஏற்றிக் கீழே பாருங்கள்: பிரேக் பைப், சப்ஃபிரேம், எக்ஸாஸ்ட் தாங்கிகள். முன்னால் ஏசி கண்டென்சரின் தகடுகளை விரலால் தொட்டால் உதிருகிறதா? பேட்டரியில் இருந்து பாடிக்குப் போகும் எர்த் ஒயரில் பச்சை பூத்திருக்கிறதா? எர்த் கெட்டால் சென்சார் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பொய் சொல்லும், மெக்கானிக் ஒவ்வொரு சென்சாராக மாற்றிக் காசு வாங்குவார். ஒழுங்காக சர்வீஸ் ஆகி ஒரு லட்சம் ஓடிய, கடலைவிட்டுத் தள்ளி இருக்கும் பரமக்குடி வண்டி இதைவிட மேல்.

பெல்ட்டா செயினா என்று கேட்காமல் விடுவது

சிட்டி, சியாஸ், 2011-க்குப் பின் வந்த வெர்னா, எல்லாவற்றிலும் வால்வுகளை இயக்குவது டைமிங் செயின். ஃபோக்ஸ்வேகன் வென்டோ, ஸ்கோடா ரேபிட் டீசல் டைமிங் பெல்ட். மாற்றியதற்கு பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே கணக்கு. பெல்ட் அறுந்தால் வால்வு பிஸ்டனில் இடிக்கும்.

வென்டோ ஆட்டோமேட்டிக்கை ஆசைப்பட்டு எடுப்பது

1.2 டிஎஸ்ஐ பெட்ரோல் ஓட்ட அருமையான வண்டி. அதில் வரும் 7 கியர் டிஎஸ்ஜி ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் உலர் கிளட்ச் வகை. கியரை மாற்றும் அதன் மெக்கட்ரானிக் யூனிட் உலகம் முழுக்கப் பெயர் கெட்டது. கெட்டால் நாங்கள் மதுரைக்குத்தான் ஏற்றிவிடுகிறோம், நூறு கிலோமீட்டருக்கு மேல். வேண்டாம்.

பழைய சிட்டியின் ஏர்பேக்

2008 முதல் 2013 வரை வந்த சிட்டி வாங்கினால் சேசிஸ் நம்பரைக் கொடுத்து ஹோண்டாவில் விசாரியுங்கள். டக்காட்டா கம்பெனி ஏர்பேக்குக்காக வந்த திரும்ப அழைப்பில் இந்தக் கார்களும் உண்டு, மாற்றித் தருவது இலவசம். அந்த ஏர்பேக்கில் உள்ள அம்மோனியம் நைட்ரேட் கெடுவது வெயிலாலும் ஈரக் காற்றாலும். நம் ஊரில் இரண்டும் உண்டு.

டெல்லி டீசல்

பத்து வருடம் தாண்டிய டீசல் வண்டிக்கு அங்கே தடை வந்தது, அதனால்தான் மலிவு. அந்த ஊர் ஆர்டிஓ தரும் தடையில்லாச் சான்றான என்ஓசி, நம் மாநில சாலை வரி இரண்டையும் கூட்டிப் பார்த்துவிட்டு மலிவா என்று சொல்லுங்கள்.

மதியம் போய் வண்டி பார்ப்பது

விற்கிறவர் அதற்குள் ஓட்டிச் சூடாக்கி வைத்திருப்பார், ரேடியேட்டர் மூடியைத் திறந்து பார்க்க முடியாது. நம் வெயிலில் பானட் எப்போதும் சுடும், அதை நம்பாமல் ரேடியேட்டர் ஹோஸைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் நாளைக் காலை ஆறு மணிக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். அதற்குச் சம்மதிக்காதவரிடம் வண்டி வாங்க வேண்டாம்.