வேகமாகப் படிக்க, விடவேண்டிய பழக்கங்கள்

சிங்கப்பூரில் தமிழ் படிப்பவர்கள் பலருக்கு இரண்டு வேகம் உண்டு. அலுவலக மின்னஞ்சலை ஆங்கிலத்தில் மளமளவென்று முடிப்பவர், தமிழ் முரசில் அதே அளவு செய்திக்குத் திணறுவார். கண்ணில் கோளாறு இல்லை. தொடக்கப்பள்ளியில் எழுத்துக்கூட்டிப் படித்த பழக்கம் இன்னும் விடவில்லை, அவ்வளவுதான். அதை மாற்றலாம்.

படிக்கும்போது கண் வரிமீது சீராக ஓடுவதில்லை. ஓரிடத்தில் ஏறக்குறைய கால் நொடி நிற்கும், தாவும், மறுபடி நிற்கும். நிற்கும்போதுதான் எழுத்து மனத்தில் ஏறுகிறது. தேர்ந்த வாசகர்களுக்கே பத்துத் தாவலில் ஒன்றாவது பின்னோக்கிப் போகும். அதனால் திரும்பிப் பார்ப்பதை அடியோடு ஒழிக்க நினைக்காதீர்கள். தேவையில்லாமல் திரும்புவதைக் குறைத்தால் போதும்.

முதலில் உங்கள் வேகத்தை அளந்துகொள்ளுங்கள். எளிய செய்திக் கட்டுரை ஒன்றை எடுத்து, கைப்பேசிக் கடிகாரத்தில் 3 நிமிடம் வைத்துக்கொண்டு படியுங்கள். நின்ற இடம்வரை உள்ள சொற்களை எண்ணி மூன்றால் வகுங்கள். பிறகு தாளை மூடிவிட்டு, படித்ததில் மூன்று செய்திகளைச் சொல்லிப் பாருங்கள். சொல்ல வரவில்லையென்றால் அந்த எண்ணுக்கு மதிப்பில்லை. ஆங்கிலத்தில் பெரியவர்களின் சராசரி நிமிடத்துக்கு 240 சொல்லை ஒட்டி இருக்கும். அந்த அளவுகோலைத் தமிழுக்கு வைக்காதீர்கள். ‘படித்துக்கொண்டிருந்தவர்களுக்கு’ என்று தமிழில் ஒரே சொல்லாக வருவதற்கு ஆங்கிலத்தில் ஐந்து சொல் வேண்டியிருக்கும். உங்கள் தமிழ் வேகத்தை உங்கள் பழைய தமிழ் வேகத்தோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

அடுத்தது உதடு. மௌனமாகப் படிப்பதாக நினைக்கும் பலருக்கு உதடோ நாக்கோ அசைந்துகொண்டே இருக்கும்; வாய் போகும் வேகத்துக்குமேல் கண் போகாது. படிக்கும்போது உதட்டின்மேல் ஒரு விரலை வைத்துக்கொண்டால் அசைவு தெரிந்துவிடும், சில நாளில் நின்றும்விடும். மனத்துக்குள் கேட்கும் குரலை மட்டும் அடக்கப் பார்க்காதீர்கள். அது பொருளைப் பிடித்துவைக்க உதவுகிறது. அதை அடக்கச் சொல்லும் பயிற்சிகளில் வேகம் கூடுவதுபோலத் தெரியும், படித்தது நிற்காது.

திரும்பத் திரும்பப் பின்னால் போகிறவர்களுக்கு ஓர் அட்டை போதும். பெயரட்டை அளவு சிறியதாக இல்லாமல், வரியை முழுதும் மறைக்கும் அகலத்தில் வெட்டிக்கொள்ளுங்கள். பெரும்பாலோர் அதைப் படிக்கும் வரிக்குக் கீழே வைப்பார்கள். அது தவறு; கண் அடுத்துப் போகவேண்டிய இடத்தை மறைத்துவிடும். படித்து முடித்த வரியின்மேல் வைத்துக் கீழ்நோக்கி இறக்குங்கள். பத்தி முடியும்வரை அட்டையைத் தூக்கக்கூடாது. முடிந்தபின், புரியவில்லையென்றால் ஒருமுறை தூக்கிப் பார்க்கலாம். ஒவ்வொரு பத்திக்கும் தூக்கவேண்டி வந்தால் அட்டையை அவசரமாக இறக்குகிறீர்கள், அல்லது அந்தப் பகுதி உங்களுக்குக் கடினம்.

தமிழில் உண்மையான ஆதாயம் சொற்றொடராகப் பிடிப்பதில்தான் இருக்கிறது. நம் வாக்கியத்தில் வினை கடைசியில் வரும். சொல் சொல்லாக ஊர்ந்து போனால், வினையை எட்டுவதற்குள் எழுவாய் மறந்துபோகும். உடனே கண் பின்னால் ஓடும். மெதுவாகப் படிப்பதே மறுபடி படிக்கவைக்கிறது. நாளிதழ் ஒன்றை எடுத்து, பென்சிலால் இப்படிக் கோடு போடுங்கள்:

நேற்று மாலை / தேக்கா சந்தைக்கு வந்தவர்களுக்கு / தொண்டூழியர்கள் / துணிப்பைகளைக் கொடுத்தார்கள்.

ஒரு துண்டுக்கு இரண்டு மூன்று சொல், அதற்குமேல் வேண்டாம். வேற்றுமை உருபோ எச்சமோ முடியும் இடம்தான் பெரும்பாலும் வெட்டுமிடம். நாளுக்கு இரண்டு பத்தி கோடு போட்டுப் படித்து, அதே பத்தியைக் கோடில்லாத பிரதியில் மறுபடி படியுங்கள். இரண்டு வாரத்தில் பென்சில் தேவைப்படாது. நூலகப் புத்தகத்தில் மட்டும் கோடு போட்டுவிடாதீர்கள்.

நீண்ட சொல்லில் தடுக்கினால் முதலிலிருந்து எழுத்துக்கூட்டாமல், அடியையும் கடைசி விகுதியையும் பிடியுங்கள். மேலே பார்த்த நீண்ட சொல்லில் ‘படித்து’, ‘அவர்களுக்கு’ இரண்டும் தெரிந்தால் நடுப்பகுதி தானாகப் புரிந்துவிடும். இதற்கு அந்த அமைப்புகள் கண்ணுக்குப் பழகியிருக்கவேண்டும். பழக ஒரே வழி நிறையப் படிப்பது. எளிமையான, ஒரு பக்கத்துக்கு மூன்று நான்கு புதுச்சொல்லுக்குமேல் இல்லாத புத்தகமாகத் தேர்ந்தெடுங்கள். நூலகத்தில் இரவல் காலம் 21 நாள். எம்ஆர்டி ரயில் பயணத்தில் நாளுக்கு 15 நிமிடம் ஒதுக்கினாலே ஒரு சிறு நாவல் முடியும். இன்னும் தடுமாறும் பிள்ளைகளுக்கு ஒரே 100 சொல் பகுதியை மூன்றுமுறை வாய்விட்டுப் படிக்கவையுங்கள். மூன்றாவது முறை வேகம் கூடுவதை அவர்களே கேட்பார்கள்.

நிமிடத்துக்கு 1,000 சொல் என்று ஆசை காட்டும் வகுப்புகளுக்குப் பணம் கட்டாதீர்கள். அந்த வேகத்தில் நடப்பது மேலோட்டமாக மேய்வது. தேடும் தகவல் எந்தப் பக்கத்தில் இருக்கிறதென்று பார்க்க அது போதும், புரிந்து படிக்கப் போதாது. கவிதையையும், மத்திய சேம நிதி (மசேநி) கடிதத்தையும், வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) ஒப்பந்தத்தையும், மருந்துச் சீட்டையும் பழைய வேகத்திலேயே படியுங்கள். அங்கே அட்டையும் வேண்டாம்.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, அதே வகைச் செய்தி ஒன்றை எடுத்து மறுபடி 3 நிமிடம் அளந்து பாருங்கள். எண் ஏறி, மூன்று செய்திகளைச் சொல்ல முடியாமல் போனால் ஒரு படி வேகத்தைக் குறைத்து, அடுத்த வாரம் கோடு போடும் பயிற்சியை மட்டும் செய்யுங்கள்.