கொட்டும் பனியில் கோழிகளைக் காப்பது எப்படி?

கோழியின் உடம்புச் சூடு ஏறத்தாழ 41 டிகிரி செல்சியஸ். இறகைச் சிலிர்த்துக்கொண்டு உட்கார்ந்தால், உள்ளே அடைபடும் காற்றே அதற்குக் கம்பளி. இது தெரியாமல் முதல் பனிக்காலத்தில் கூட்டை ஒரு சந்து விடாமல் அடைத்தேன். விடிந்து கதவைத் திறந்தால் கூரையின் உட்பக்கம் முத்து முத்தாக நீர். சேவலின் கொண்டை நுனி கறுத்துப் போயிருந்தது. குளிரைக் கோழி தாங்கும், ஈரத்தோடு சேர்ந்த குளிரைத்தான் தாங்காது.

அதனால் முதல் வேலை காற்றோட்டம். கோழிகளின் மூச்சிலும் எச்சத்திலும் இரவெல்லாம் ஈரம் கிளம்பிக்கொண்டே இருக்கும். அந்த ஈரக்காற்று மேலேறி வெளியே போக, கூரையை ஒட்டி எதிரெதிர்ச் சுவர்களில் திறப்பு விட்டுக் கம்பிவலை அடியுங்கள். அடைந்திருக்கும் கோழியின் தலைக்கு மேலே அது இருக்க வேண்டும். கோழிகள் மீது காற்று நேராக வீசாதபடி கீழ்ச் சந்துகளை மட்டும் அடைத்துவிடுங்கள். சரியாக இருக்கிறதா என்று பார்க்க, காலையில் குனிந்து தரையருகே முகர்ந்து பாருங்கள். அம்மோனியா நெடி மூக்கில் ஏறினால் திறப்பு போதவில்லை, அல்லது எச்சம் சேர்ந்துவிட்டது.

இரண்டாவது, தரை. மரச்சீவலை ஒரு சாண் உயரத்துக்குப் போட்டு, நனைந்ததை அவ்வப்போது அள்ளிவிட்டுப் புதிதைச் சேருங்கள். மேலே கொஞ்சம் தானியம் தூவினால் கிளறும் வேலையைக் கோழிகளே பார்த்துக்கொள்ளும்.

அடுத்து, அடையும் கட்டை. 4 அங்குலப் பலகையின் அகலப் பக்கம் மேலே இருக்கட்டும். கோழி உட்காரும்போது விரல்கள் முழுதும் வயிற்று இறகுக்குள் மறையும். இரும்புக் குழாய் வேண்டவே வேண்டாம்.

தண்ணீர்தான் பெரிய தலைவலி. மின்சாரச் சூட்டுத்தட்டு இருந்தால் நல்லது. இல்லையென்றால் இரண்டு ரப்பர் தொட்டிகளை மாற்றி மாற்றி வையுங்கள். ரப்பரைக் கவிழ்த்து ஒரு மிதி மிதித்தால் பனிக்கட்டி கழன்று விழும். பிளாஸ்டிக் அந்தக் குளிரில் விரிசல் விட்டுவிடும். தொட்டியைக் கூட்டுக்கு வெளியே வைத்தால் உள்ளே ஈரமும் குறையும்.

வழக்கமான தீனியைச் சற்றுக் கூட்டி, சாயங்காலம் ஒரு பிடி உடைத்த மக்காச்சோளம் போடுங்கள். இரவில் செரிக்கும்போது உடம்புக்குச் சூடு தரும்.

வெப்ப விளக்கு? என்னைக் கேட்டால் வேண்டாம். காய்ந்த மரச்சீவலும் தூசியும் உள்ள இடத்தில் அது ஒருமுறை விழுந்தால் போதும், கூடு எரிந்துவிடும். இனித்தான் கோழி வாங்கப்போகிறீர்கள் என்றால் ஷான்டெக்ளேர் இனத்தைப் பாருங்கள். கனடாவின் கியூபெக்கில் குளிருக்கென்றே உருவாக்கியது, கொண்டையும் தாடியும் மிகச் சிறியவை. லெக்ஹார்ன் மாதிரி பெரிய கொண்டைக்காரர்களுக்குத்தான் உறைபனி சீக்கிரம் பிடிக்கும். அப்படிக் கொண்டை வெளிறினாலோ கறுத்தாலோ தேய்க்காதீர்கள், நெருப்பருகே கொண்டுபோகவும் வேண்டாம். காய்ந்த, மிதமான இடத்துக்கு மாற்றுங்கள்.

பகல் குறுகுவதால் முட்டையும் குறையும், பதறாதீர்கள். இட்டதைச் சீக்கிரம் எடுத்துவிடுங்கள், உறைந்தால் ஓடு வெடித்துவிடும்.