இன்ஜின் விளக்கு எரிந்தால், பாகத்தை மாற்றுவதற்கு முன்பு செய்ய வேண்டியவை

சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் ஒருநாள் காலை கத்திப்பாரா மேம்பாலத்தில் ஏறிக்கொண்டிருந்தபோது, எங்கள் சிறிய பெட்ரோல் காரின் டேஷ்போர்டில் இன்ஜின் வடிவ மஞ்சள் விளக்கு எரியத் தொடங்கியது. வண்டி வழக்கம்போலவே ஓடியது. இழுவையும் குறையவில்லை, சத்தமும் மாறவில்லை. பணிமனையில் ஸ்கேன் செய்வதற்கு 600 ரூபாயும், புகையில் உள்ள ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிஜன் சென்சாரை மாற்றுவதற்குக் கூலியுடன் 5,800 ரூபாயும் வாங்கினார்கள். பதினொன்றாம் நாள் அதே விளக்கு மீண்டும் எரிந்தது. இம்முறை வண்டியின் கணினியான இசியுவே பழுதாகியிருக்கலாம் என்றும், அதை மாற்ற 28,000 ரூபாய் ஆகும் என்றும் சொன்னபோது, மகளின் பள்ளிக் கட்டணத்துக்காக ஒதுக்கி வைத்திருந்த பணத்தைத்தான் நான் மனத்துக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன்.

அந்தச் செலவைத் தவிர்த்தவர் புதுப்பேட்டையில் பல ஆண்டுகளாக வயரிங் வேலை செய்துவரும் ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியன். பத்து நிமிடம், மின்னழுத்தத்தையும் மின்தடையையும் அளக்கும் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு, "சென்சார் நல்லாத்தான் இருக்கு தம்பி, அதுக்குக் கரன்ட்தான் போகல" என்றார். அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் நின்ற வண்டிக்குள் புகுந்த எலி, சென்சாருக்குப் போகும் ஒரு வயரைக் கடித்துத் துண்டித்திருந்தது. வயரை இணைத்து மேலே உறை போட்டதற்கு அவர் வாங்கியது 350 ரூபாய். கழற்றி எறியப்பட்ட பழைய சென்சாரில் எந்தக் குறையும் இருந்திருக்காது என்பதே என் கணிப்பு. அந்த இரண்டு வாரங்களில் நான் கற்றுக்கொண்டதை, காரின் பானெட்டைத் திறந்தே பழகாதவரும் செய்யக்கூடிய வகையில் கீழே படிப்படியாக எழுதியிருக்கிறேன்.

முதல் படி: விளக்கின் நிறத்தையும் அது எரியும் விதத்தையும் பாருங்கள்

சிவப்பு விளக்கும் மஞ்சள் விளக்கும் ஒன்றல்ல. எண்ணெய்க் குவளை வடிவில் சிவப்பு விளக்கு எரிந்தால், இன்ஜினுக்குள் ஆயில் அழுத்தம் இல்லை என்று பொருள். பாதுகாப்பாக ஓரம் கட்டியவுடன் இன்ஜினை அணைத்துவிட வேண்டும். வீடு அருகில்தான் இருக்கிறது என்று ஓட்டிச் சென்றால், சில நிமிடங்களிலேயே இன்ஜின் முழுவதும் கெட்டுவிடக்கூடும். வெப்பநிலையைக் காட்டும் சிவப்பு விளக்குக்கும் இதுவே விதி. இன்ஜின் ஆறும்வரை ரேடியேட்டர் மூடியைத் திறக்கக் கூடாது. பேட்டரி வடிவச் சிவப்பு விளக்கு ஓடும்போது எரிந்தால் சார்ஜ் ஏறவில்லை என்று பொருள்; பேட்டரியில் மிச்சம் இருக்கும் வரைதான் வண்டி ஓடும்.

இன்ஜின் வடிவ மஞ்சள் விளக்கு நிலையாக எரிந்து, வண்டியும் இயல்பாக ஓடினால், அன்றைய வேலையை முடித்துவிட்டு நிதானமாகக் கவனிக்கலாம். அதே விளக்கு விட்டு விட்டு மின்னினால் நிலைமை வேறு. ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் எரியாமல் அப்படியே புகைக்குழாய்க்குள் போகிறது என்பதே அதன் பொருள். அந்தப் பெட்ரோல், புகையிலுள்ள நச்சு வாயுக்களைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வர்ட்டருக்குள் எரிந்து அதை அளவுக்கு மீறிச் சூடாக்கி உருக்கிவிடும். பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய விலையுயர்ந்த உலோகங்கள் பூசப்பட்ட பாகம் அது என்பதால், மின்னும் விளக்கைப் பொருட்படுத்தாமல் ஓட்டுகிறவருக்குத்தான் உண்மையிலேயே பெரிய செலவு வந்து சேர்கிறது.

சாவியை ஆன் செய்தவுடன், இன்ஜின் ஓடுவதற்கு முன்பு, இந்த விளக்கு கட்டாயம் எரிய வேண்டும். இன்ஜின் ஓடியதும் அணைய வேண்டும். பழைய கார் வாங்கச் செல்பவர்கள் இதை முதலில் பார்க்க வேண்டும். சாவி போட்டும் எரியாத விளக்கு, யாரோ எதையோ மறைப்பதற்காகக் கழற்றிய விளக்காகவும் இருக்கலாம்.

இரண்டாம் படி: செலவில்லாமல் சரிபார்க்கக் கூடியவை

வண்டி அண்மையில் சர்வீஸுக்குப் போய் வந்திருந்தால், சந்தேகத்தை அங்கிருந்தே தொடங்குங்கள். ஏர் ஃபில்டர் பெட்டியின் கிளிப் சரியாக மூடப்படாமல் இருப்பதும், அதன் அருகிலுள்ள சென்சாரின் இணைப்பான் மாட்டப்படாமல் தொங்குவதும் நடக்கக்கூடியவை. பிறகு பேட்டரி முனைகளைப் பாருங்கள். வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் சுத்தம் செய்து இறுக்க வேண்டும். அணைத்து வைத்த வண்டியில், நல்ல பேட்டரி ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். இன்ஜின் ஓடும்போது 13.5 முதல் 14.5 வரை காட்டும். சென்னையின் சித்திரை வெயிலில் பேட்டரிகள் விரைவில் தளர்ந்துபோகின்றன. மின்னழுத்தம் தடுமாறும்போது தொடர்பில்லாத பல விளக்குகள் ஒரே நேரத்தில் எரியும். அதைக் கண்டு அத்தனை பாகங்களும் கெட்டுவிட்டன என்று அஞ்ச வேண்டியதில்லை.

அடுத்ததாக எலி. டார்ச்சை அடித்து, வயர்களில் பல் தடம், இன்ஜின் மேல் எச்சம், மூலையில் சேர்த்துவைத்த காகிதத் துணுக்கு ஆகியவை உள்ளனவா என்று பாருங்கள். என் வண்டியில் எச்சம் கண்ணுக்கு நேராகவே கிடந்தது. முதல் நாளே நான் பானெட்டைத் திறந்து பார்த்திருந்தால் 6,400 ரூபாய் மிஞ்சியிருக்கும்.

மூன்றாம் படி: குறியீட்டை நீங்களே படியுங்கள்

கோளாறு ஒன்றை உணர்ந்து விளக்கை எரியவிடும்போது, இசியு அதை ஒரு குறியீடாகவும் பதிவு செய்து வைக்கும். ஸ்டியரிங்குக்குக் கீழே, ஓட்டுநரின் முழங்கால் அருகே, 16 முனைகள் கொண்ட ஒரு சாக்கெட் இருக்கும். ஓபிடி சாக்கெட் என்று அதைச் சொல்வார்கள்; வண்டி தன் கோளாறுகளைத் தானே கண்டறிந்து பதிவு செய்யும் ஏற்பாடுதான் ஓபிடி. இந்தியாவில் 2013 ஏப்ரலுக்குப் பிறகு வந்த கார்களில் இரண்டாம் கட்ட ஓபிடி கட்டாயமானதால், அவற்றில் பெரும்பாலானவை எளிய ஸ்கேனருக்கும் பதில் சொல்லும். இஎல்எம்327 என்ற வகையைச் சேர்ந்த, தீப்பெட்டி அளவிலான புளூடூத் ஸ்கேனர் சில நூறு ரூபாயிலிருந்து கிடைக்கிறது. பணிமனையில் ஒருமுறை ஸ்கேன் செய்யும் கட்டணமே பல இடங்களில் அதற்குச் சமம். ஆண்ட்ராய்டு கைபேசிக்குச் சாதாரண புளூடூத் வகை போதும். ஐஃபோன் வைத்திருப்பவர்கள், அதனுடன் இணையக்கூடிய வகையா என்று கேட்டு வாங்க வேண்டும்.

வண்டியை நிறுத்திவிட்டு ஸ்கேனரைச் சாக்கெட்டில் செருகி, இன்ஜினை ஓட்டாமல் சாவியை மட்டும் ஆன் செய்யுங்கள். கைபேசியில் புளூடூத் இணைப்பு கடவு எண் கேட்டால், பெரும்பாலும் 1234 அல்லது 0000 பொருந்தும். பிறகு ஓபிடி செயலியைத் திறந்து, பதிவாகியுள்ள குறியீடுகளைப் படிக்கச் சொல்லுங்கள். திரையில் வருவதைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். கோளாறு பதிவான நொடியில் இன்ஜினின் வேகம், வெப்பநிலை, சுமை ஆகியவை எவ்வளவு இருந்தன என்பதையும் இசியு சேமித்து வைத்திருக்கும். 'ஃப்ரீஸ் ஃபிரேம்' என்ற பெயரில் வரும் அந்தப் பக்கத்தையும் படம் பிடியுங்கள். அழிக்கும் பொத்தானை இப்போது தொடவே கூடாது; தொட்டால் இந்தத் தடயங்கள் எல்லாம் போய்விடும்.

நான்காம் படி: குறியீடு சொல்வதையும் சொல்லாததையும் பிரித்தறியுங்கள்

பணம் வீணாவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். ஆகவே இதற்கு மட்டும் சற்றுக் கூடுதல் நேரம் ஒதுக்குங்கள். குறியீடு கோளாறு எந்தச் சுற்றில் உணரப்பட்டது என்பதைத்தான் சொல்கிறதே தவிர, எந்தப் பாகத்தை மாற்ற வேண்டும் என்பதைச் சொல்வதில்லை.

எனக்கு வந்தது பி0135. முன்பக்க ஆக்சிஜன் சென்சாரின் ஹீட்டர் சுற்றில் கோளாறு என்பது அதன் விளக்கம். ஆக்சிஜன் சென்சார் ஏறத்தாழ 300 டிகிரி வெப்பத்தை எட்டினால்தான் வேலை செய்யும் என்பதால், அதை விரைவாகச் சூடேற்றுவதற்கு உள்ளேயே ஒரு சிறு ஹீட்டர் இருக்கிறது. அந்தச் சுற்று என்பது ஹீட்டர், அதற்கான ஃப்யூஸ், மின்னோட்டத்தை இயக்கி நிறுத்தும் ரிலே, இடையிலுள்ள வயர்கள், இணைப்பான், இசியு ஆகிய அனைத்தும் சேர்ந்ததாகும். இவற்றில் எது அறுந்தாலும் இசியுவுக்குத் தெரிவது ஒன்றுதான்: மின்சாரம் ஓட வேண்டிய இடத்தில் ஓடவில்லை. 'சுற்று' என்ற சொல்லைக் கவனிக்காமல் 'சென்சார்' என்ற சொல்லை மட்டும் படித்ததால்தான் எனக்கு 5,800 ரூபாய் செலவு வந்தது.

இதைச் சோதிப்பதற்கு மல்டிமீட்டர் போதும். இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு முதலில் ஃப்யூஸைப் பாருங்கள். பின்னர் சென்சாரின் இணைப்பானைக் கழற்றி, சென்சார் பக்கத்திலுள்ள நான்கு வயர்களில் ஒரே நிறத்தில் இருக்கும் இரண்டுக்கும் இடையே ஓம் அளவெடுங்கள். அவைதாம் பொதுவாக ஹீட்டரின் வயர்கள். சில ஓம்களிலிருந்து பதினைந்து ஓம் வரை காட்டினால் ஹீட்டர் உயிருடன் இருக்கிறது. மீட்டர் எதுவுமே காட்டவில்லை என்றால்தான் சென்சார் போய்விட்டது. ஹீட்டர் நன்றாக இருந்தால், வண்டிப் பக்கத்து இணைப்பானுக்கு 12 வோல்ட் வருகிறதா என்று பார்க்க வேண்டும். சில வண்டிகளில் இன்ஜின் ஓடும்போது மட்டுமே அது வரும் என்பதால், அப்போது விசிறியிலிருந்தும் சூடான குழாயிலிருந்தும் கையை விலக்கி வைத்துக்கொள்ளுங்கள். வரவில்லை என்றால் வயரைத் தொடர்ந்து போய்த் தேட வேண்டியதுதான். இதைத்தான் புதுப்பேட்டை அண்ணன் பத்து நிமிடத்தில் செய்தார்.

மற்ற குறியீடுகளுக்கும் இதே முறைதான். பி0302 என்று வந்தால் இரண்டாம் சிலிண்டர் சரியாக எரியவில்லை என்று பொருள். ஸ்பார்க் பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் தரும் இக்னிஷன் காயில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனியாக உள்ள வண்டியானால், இரண்டாவது காயிலையும் மூன்றாவது காயிலையும் இடம் மாற்றிப் போட்டு ஓட்டிப் பாருங்கள். குறியீடு பி0303 என்று மாறினால் காயில்தான் கெட்டது. அப்போது ஒரே ஒரு காயில் வாங்கினால் போதும். பி0302 ஆகவே நின்றால் ஸ்பார்க் பிளக்கையும் இதேபோல் இடம் மாற்றிப் பாருங்கள். பி0171 என்பது கலவையில் பெட்ரோல் குறைவு என்று சொல்கிறது. அதற்குத் தளர்ந்த பெட்ரோல் பம்ப், அடைத்த இன்ஜெக்டர், சென்சாருக்கு முன்னால் புகைக்குழாயில் உள்ள கசிவு என்று பல காரணங்கள் உண்டு. கேட்டலிடிக் கன்வர்ட்டரின் திறன் குறைந்திருக்கிறது என்று சொல்லும் பி0420 வந்தவுடன் அதை மாற்றச் சொல்பவர்களிடம் நான் மிகவும் எச்சரிக்கையாக இருப்பேன். புகைக்குழாய்க் கசிவு இல்லை, கன்வர்ட்டருக்குப் பின்னாலுள்ள ஆக்சிஜன் சென்சாரில் குறை இல்லை, சிலிண்டர்கள் சரியாக எரிகின்றன என்ற மூன்றும் உறுதியாகும் வரை அவ்வளவு விலையுள்ள பாகத்துக்குச் சம்மதம் சொல்லாதீர்கள்.

ஐந்தாம் படி: பணிமனையில் கேட்க வேண்டியவை

எல்லாவற்றையும் நாமே செய்துவிட முடியாது, செய்யவும் வேண்டாம். ஏர்பேக் விளக்கு எரிந்தால் அதன் வயர்களைத் தொடவே கூடாது. ஏபிஎஸ், ஏர்பேக் குறியீடுகளை மலிவான ஸ்கேனர்கள் பெரும்பாலும் படிப்பதும் இல்லை. வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பகுதிகளில் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது நடந்ததுபோல வண்டி வெள்ளத்தில் நின்றிருந்தால், சாவியைக்கூடப் போடாமல் பேட்டரியின் நெகடிவ் முனையைக் கழற்றிவிட்டு, கட்டி இழுத்துத்தான் கொண்டுபோக வேண்டும்.

பணிமனைக்குப் போகும்போது நீங்கள் எடுத்த படங்களைக் காட்டி, கண்டறிவதற்கான கட்டணம் எவ்வளவு என்பதை முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். ஒரு பாகத்தை மாற்ற வேண்டும் என்று சொன்னால், எந்தச் சோதனையில் அது தெரியவந்தது என்றும், மீட்டர் என்ன அளவு காட்டியது என்றும் மரியாதையாகக் கேளுங்கள். நல்ல மெக்கானிக் இந்தக் கேள்வியால் வருந்த மாட்டார், அழைத்துக் காட்டுவார். மதிப்பீட்டை எழுத்தில் வாங்குங்கள். கழற்றிய பழைய பாகத்தைத் திரும்பக் கேளுங்கள். வேலை விவரம் எழுதும் ஜாப் கார்டில் குறியீட்டை எழுதச் சொல்லுங்கள். நான் இவற்றில் எதையும் கேட்கவில்லை என்பதால், பழைய சென்சார் என் கைக்கு வரவே இல்லை. தாளும் பில்லும் கையில் இருந்தால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் மாவட்ட ஆணையத்தை அணுகலாம். அதற்கு முன்பு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரும் செய்யலாம்.

ஆறாம் படி: சரிசெய்த பிறகே அழியுங்கள்

வேலை முடிந்தபின் செயலியில் குறியீட்டை அழித்துவிட்டு, அடுத்த ஒரு வாரம் வழக்கம்போல ஓட்டுங்கள். இசியு தன் சோதனைகளை மறுபடியும் முதலிலிருந்து செய்ய வேண்டியிருப்பதால், விளக்கு அணைந்த அன்றே கோளாறு தீர்ந்துவிட்டது என்று சொல்லிவிட முடியாது. காலையில் குளிர்ந்த இன்ஜினுடன் புறப்படுவது, பழைய மகாபலிபுரம் சாலை போன்ற இடத்தில் சற்று நேரம் ஒரே வேகத்தில் போவது, நெரிசலில் நின்று நின்று செல்வது ஆகிய மூன்றும் அந்த வாரத்துக்குள் அமைந்தால், பெரும்பாலான சோதனைகள் நிறைவேறிவிடும். பிறகு ஒருமுறை ஸ்கேனரைச் செருகி, நிலுவையில் உள்ள குறியீடு ஏதேனும் இருக்கிறதா என்று பாருங்கள். விளக்கு எரிவதற்கு முன்பே அது அங்கே தெரிந்துவிடும். தேதி, கிலோமீட்டர், குறியீடு, செய்த வேலை ஆகிய நான்கையும் ஒரு சிறு நோட்டில் எழுதி, வண்டியின் புத்தகங்களோடு வைத்திருங்கள். என் நோட்டில் பி0135 என்ற வரிக்குப் பிறகு இதுவரை வேறு வரி எழுத நேரவில்லை.